மறுமுனைக் குரல்

"நான் பேசுறது உனக்குக் கேக்குதா?"

குழாய் செய்யும் ஆலைக்கு அவள் வேலைக்கு வந்த முதல் நாளில், நீண்ட வெண்குழாய் ஒன்றின் மறுமுனையில் வாய்வைத்து அவள் கணவன் கேட்ட கேள்வி அது. மாலையில் பொறி ஓய்ந்தபின், குழாயின் ஒரு முனையில் ஒருவர் பேச, மறுமுனையில் ஒருவர் செவிவைத்துக் கேட்பது அவ்வாலையின் வழக்கம். குரல் பிசிறின்றி வந்தால் குழாயின் உட்புறம் வழவழப்பானது. உடைந்து வந்தால் உள்ளே எங்கோ முரடு தட்டியிருக்கிறது. அவள், "கேக்குது" என்றாள்.

"வீட்டுல கூப்பிட்டா மட்டும் கேக்காதே," என்று குழாய்வழியே அவன் சொல்ல, சுற்றியிருந்தோர் சிரித்தனர்.

படிப்போரே, அந்தச் சிரிப்பொலி ஆலையைவிட்டே நீங்கி ஓராண்டு கழிந்த ஒரு மாலையைக் காணுங்கள். மழை விட்டும் முகில் விலகாத வானின்கீழ், தகரக் கூரைகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நெருங்கிக் கிடந்த தெருவின் கோடியில், துயிலிலும் முனகும் விலங்கென அவ்வாலை இயங்கிக்கொண்டிருந்தது. பொறியின் மேல்வாயில் கொட்டிய நெகிழி மணிகள் சூடேறிய உருளைக்குள் உருகி, திருகுதண்டால் நெருக்குண்டு, அச்சின் வளையத்தில் பிதுங்கிக் குழாயாகி, நீர்த்தொட்டியில் குளிர்ந்து, இழுவைச் சக்கரங்களின் பிடியில் ஊர்ந்து, வாளால் துண்டுபட்டு அவள்முன் வந்து விழுந்தன. குழாயின் நடுவிலுள்ள வெறுமைக்கும் அந்த அச்சே உருவம் கொடுக்கிறது என்று எண்ணும்போதெல்லாம் அவள் உடல் சிலிர்க்கும்.

சென்ற மழைக்காலத்தில் அந்த இழுவைச் சக்கரங்கள் கணவனின் சட்டைக்கையைக் கவ்வி அவனை உள்ளிழுத்துக் கொன்றன. அன்று அவள் காய்ச்சலாய் வீட்டில் படுத்திருந்தாள். பொறியை நிறுத்தும் விசையருகே நின்றவன் அவனுடைய தம்பி.

"அண்ணன் சத்தமே போடலை அண்ணி. போட்டிருந்தா நிறுத்தியிருக்க மாட்டேனா?" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

வாய் ஓயாத மனிதர் அந்த நேரத்தில் மட்டும் வாயடைத்துப் போனாரா என்று அவள் மனம் குடைந்தது. வேலைக்கு நடுவே, "நிறுத்துடா, மாட்டிக்கிட்டேன்" என்று பொய்க்கூச்சலிட்டுத் தம்பியைப் பதறவைப்பதே அவருக்கு விளையாட்டாயிற்றே! பொறியை நிறுத்தினால் குழாய் தொட்டிக்குள் நசுங்கி வீணாகும்; ஏச்சு விழுவதென்னவோ தம்பிக்குத்தான். அவர் தம்மைக் காக்கக் கூப்பிட்டாரா இல்லையா என்ற ஒன்றே அவள் உறக்கத்தைத் தின்றுவந்தது.

அந்த மாலை முதலாளி அவளிடம் வந்தார். "அண்ணன் இடத்துல தம்பியையே போடலாம்னு இருக்கேன். ஆனா நீ சரின்னு சொன்னாத்தாம்மா."

"இந்தக் குழாயைப் பாத்துட்டுச் சொல்றேங்க," என்றாள்.

பொறி ஓய்ந்தது. கூரையிலிருந்து நீர் சொட்டும் ஒலியன்றி வேறோசை இல்லை. ஓராண்டாக இந்தச் சோதனைக்கு வராமல் நழுவிவந்த தம்பி, வேறு ஆளில்லாமையால் அன்று மறுமுனைக்குப் போனான். அவள் குனிந்து குழாயில் செவி பொருத்தினாள். குளிர்ந்து கிடந்த குழாயிலிருந்து, அருகில் படுத்திருப்பவர் விடும் மூச்சைப்போல வெம்மை அவள் காதில் பட்டது. அதன்பின், சிரிப்பை அடக்கிய அந்தப் பழகிய குரல் வந்தது.

"நான் பேசுறது உனக்குக் கேக்குதா?"

தம்பிதான் அண்ணனைப்போல் பேசுகிறானோ என்று, செவியை எடுக்காமலே அவள் கடைக்கண்ணால் பார்த்தாள். அவனும் வாயை வைக்காமல், செவியையே குழாயில் பொருத்தியிருந்தான். மெல்லத் திரும்பி, உதடுகளைக் குழாயின் வாயில் வைத்தான்.

"கேக்குது அண்ணே. அன்னைக்கும் கேட்டுச்சு. நிறுத்துடா நிறுத்துடான்னே. நீ எப்பவும்போல விளையாடுறேன்னு நெனச்சு, பேசாம நின்னுட்டேன்."

ஒரு சொல்லும் உடையாமல் அத்தனையும் அவள் செவிக்கு வந்து சேர்ந்தன. குழாயில் குறையேதும் இல்லை.

அவள் குழாயில் வாய்வைத்து, "எனக்கும் கேட்டுச்சுங்க," என்றாள். பிறகு மீண்டும் செவி வைத்தாள். உள்ளே அச்சு விட்டுச்சென்ற வெறுமை மட்டுமே இருந்தது; உருகியதெல்லாம் இறுகிவிட்டால், கண்ணீரின் சூட்டுக்கு அது மீண்டும் இளகுவதில்லை.

"என்னம்மா, சரிதானே?" என்று முதலாளி கேட்டார்.

அவள் வாய்திறக்குமுன், தம்பி கையுறைகளைக் கழற்றி விசைப்பெட்டியின்மேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தான். பிறகு எவர் முகத்தையும் பாராமல் வாயிலைக் கடந்து ஈரத் தெருவில் இறங்கி நடந்தான்.