மதிலுக்கு மேலே தெரிந்தவர்கள்

நூலகத்தின் முன்னறையில் எதிரெதிராக இரண்டு சுவர்கள். ஊர்ப் பள்ளிகளின் வரலாற்றுக் கண்காட்சிக்காக ஒன்றை ஆண்கள் பள்ளிக்கும் மற்றதைப் பெண்கள் பள்ளிக்கும் நூலகர் ஒதுக்கியிருந்தார். இரு பள்ளிகளும் ஒன்றாக்கப்பட்டு ஊருக்கு வெளியே போய்விட்டன. பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. கண்காட்சி முடிந்ததும் ஒரு சுவர்தான் நிலைக்கும், மற்றதில் புத்தக அலமாரிகள் வரும் என்று நூலகர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். மக்கள் எதன்முன் அதிகம் நிற்கிறார்களோ, அது நிலைக்கும்.

ஆண்கள் பள்ளியின் சுவரை அமைத்தவர் அதன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெண்கள் பள்ளியின் சுவரை அமைத்தவர் அதன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, அவருடைய மனைவி. காலையில் இருவரும் ஒரே குடையில் வந்து, வாசலில் பிரிந்து, தத்தம் சுவரருகே நாற்காலி போட்டு அமர்ந்தார்கள்.

தலைமையாசிரியரின் சுவரில் குறை காண இயலாது. வாடகைக் கிடங்கொன்றில் பள்ளி தொடங்கிய நாள்முதல் கதவு மூடிய நாள்வரை, படங்கள் நூல் பிடித்தாற்போல் தொங்கின. ஒவ்வொன்றின் கீழும் அவரே எழுதிய விளக்கம் இருந்தது. முற்றுப்புள்ளி தவறியது ஒன்றும் இல்லை. படங்களுக்குள்ளும் ஒழுங்கு இருந்தது. ஆண்டுதோறும் புகைப்படக்காரர் வரும் நாளில், முதல் மூன்று இடங்களைப் பெற்ற மாணவர்களை மட்டுமே அந்தப் பள்ளி படமெடுத்தது. ஏனையோர் திடலுக்கு அனுப்பப்பட்டார்கள். வழக்கம் அவருக்கு முந்தியது. அவர் அதைச் செம்மைப்படுத்தியிருந்தார்.

எதிர்ச்சுவரிலோ பள்ளி முழுவதும் நெருக்கியடித்து நின்றது. கண்ணை மூடிக்கொண்டவள், அசைந்து முகம் கலைந்தவள், நடு நாற்காலியில் வகுப்புகளைப் பெருக்கும் அம்மாள். ஆசிரியைகள் கடைசி வரிசையில், இரு பள்ளிகளுக்கும் பொதுவான மதிலை ஒட்டி நின்றார்கள். சட்டங்கள் கோணலாகத் தொங்கின. விளக்கம் என்று பார்த்தால் ஆண்டு மட்டும்.

அந்தச் சுவரின்முன்தான் கூட்டம். பெண்கள் கூடுவதைத் தலைமையாசிரியர் எதிர்பார்த்திருந்தார். ஆண்களும் அங்கேயே போனபோது அவருக்குப் பொறுக்கவில்லை. அறையின் மேசைவிளக்கைத் தம் பக்கம் திருப்பிவைத்தார். பயனில்லை.

பேருந்து ஓட்டுநர் ஒருவர் மரியாதைக்கு அவரிடம் முதலில் வந்தார்.

"வணக்கம் சார். தெரியுதா? பல்லி சார், பல்லி!"

"தெரியுது. நீ இன்னும் சட்டைப் பொத்தானைப் போடல."

பல்லி படம்படமாகத் தேடினார். "நான் இதுல எங்க சார்?"

"நீ எந்த இடம் வாங்கினே?"

"ஜன்னலோர இடம் சார்."

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. பல்லி நைசாக நழுவி எதிர்ப்பக்கம் போனார். சற்று நேரத்தில் அங்கிருந்து ஒரு கூச்சல்.

"டேய், இங்க வாடா! மதிலுக்கு மேல பாரு, நான்தான்!"

ரொட்டிக்கடைக்காரர் ஓடிவந்து எட்டிப்பார்த்தார். "உன் பக்கத்துல வெறும் காது மட்டும் தெரியுதே, அது யாருடா?"

"நீதான்டா! இந்தக் காதை ஊர்ல வேற யாரு வெச்சிருக்கா?"

தலைமையாசிரியர் எழுந்துபோய்ப் பார்த்தார். புகைப்படக்காரர் ஆண்கள் பள்ளியில் வேலை முடித்ததும் அன்றே பெண்கள் பள்ளிக்குப் போவார். திடலுக்கு அனுப்பப்பட்டவர்கள் மதிலில் ஏறியிருக்கிறார்கள். படத்துக்குப் படம் மதிலுக்கு மேலே தலைகள். அவருடைய பள்ளியில் பெரும்பகுதி மனைவியின் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவங்க என் பசங்க" என்றார் மனைவியிடம். "மதிலுக்கு மேல இருக்கறதை மட்டும் வெட்டி எனக்குக் கொடு."

"உங்க பசங்கதாங்க. நீங்க நிக்க வெச்சிருந்தா கீழயே நின்னிருப்பாங்க." மனைவி ஓரத்திலிருந்த சட்டமொன்றைக் காட்டினார். "வெட்டறதுன்னா இதையும் வெட்டணும். பரவாயில்லையா?"

அந்தப் படத்தில் மதிலுக்கு மேலே ஒரே ஒரு தலை. படிய வாரிய முடி, பிசகாத கழுத்துப்பட்டை. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம் ஆசிரியர்.

"அது... பசங்களை இறக்கிவிட ஏறினது."

"இதுல பசங்களே இல்லையே?"

"இறக்கிவிட்டுட்டேன்."

"சார், அப்போ நீங்களும் நம்ம கட்சியா?" என்றார் பல்லி. முன்னறையே சிரித்தது.

கண்காட்சி முடிந்தது, முடிவைப் பற்றி நூலகருக்கு ஐயமே எழவில்லை. தலைமையாசிரியர் தம் படங்களைத் தாமே கழற்றிக் கட்டிவைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, மனைவியின் படங்களுக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தார். பல்லியும் ரொட்டிக்கடைக்காரரும் ஆள் அடையாளம் சொன்னார்கள். "மதிலுக்கு மேலே, இடமிருந்து வலமாக" என்று தொடங்கிய அந்தப் பகுதி, கீழே நின்றவர்களுக்கான பகுதியைவிட ஒவ்வொரு படத்திலும் ஒரு வரியாவது நீளும்படி பார்த்துக்கொண்டார். ஓரத்துப் படத்துக்கு மட்டும், "மதிலுக்கு மேலே: ஆசிரியர் ஒருவர், பணியில்" என்று எழுதினார்.

எழுதியதை ஒட்டும்போதுதான் அதைக் கவனித்தார். இளம் ஆசிரியரின் பார்வை கடைசி வரிசையில் ஒருத்திமேல் இருந்தது. அவளோ நேரே பார்த்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீ யாரைப் பார்த்துச் சிரிக்கறே?"

"படம் எடுக்கறவரைத்தான். வேற யாரைப் பார்ப்பாங்க?"

"அவன் பார்க்க எப்படி இருப்பான்?"

"ரெண்டு பள்ளிக்கும் ஒரே ஆளுதானேங்க? உங்க பக்கமும் வந்தவர்தானே?"

"எங்க பக்கம் யாரும் அவனைப் பார்த்து இப்படிச் சிரிச்சதில்ல" என்றார் தலைமையாசிரியர். கோணலாக இருந்த சட்டத்தை நிமிர்த்தினார். சற்று யோசித்து, அந்தப் படத்தைத் தூண் மறைக்கும் இடத்துக்கு மாற்றலாமா என்று நூலகரைக் கேட்கப் போனார்.