சஃபோக் பாதை, இரண்டு பேருக்கு

இங்கிலாந்தைக் கண்ணால் பார்க்காமலே அதன் சந்துபொந்தெல்லாம் அறிந்தவன் மரக்காணத்தில் ஒருவன் உண்டென்றால், அது டோமினிக்தான். குயிலாப்பாளையத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் சிவப்பிரகாசம் நடத்தும் சின்ன அலுவலகத்தில் அவனுக்கு வேலை. லண்டன் சுற்றுலா கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்கும் கிராவல் சைக்கிள் பயணங்களுக்கு வழிக்குறிப்பு எழுதும் வேலையை இவர்களிடம்தான் தள்ளிவிடும். கிராவல் சைக்கிள் என்பது தார்ச்சாலையிலும் ஓடும், சரளைக்கல்லிலும் மண்பாதையிலும் சளைக்காமல் ஓடும். அதில் ஏறி ஓக் மரங்களுக்கும் கோதுமை வயல்களுக்கும் நடுவே மெதுவாகப் போவதற்கென்றே அங்கே ஒரு கூட்டம் இருக்கிறது. கையில் இருக்கும் குறிப்பை எழுதியவன் உப்பளத்து ஆள் என்று தெரிந்தால் பாதிப் பேர் அந்த இடத்திலேயே சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார்கள்.

டோமினிக் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. செயற்கைக்கோள் படத்தில் பாதையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துவிட்டு, அதே தூரத்தை மரக்காணம் உப்பளத்து வரப்புகளில் தானே ஓட்டிப் பார்ப்பான். எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே தொடை வலிக்கிறது, எங்கே உட்காரத் தோன்றுகிறது என்பதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்து எழுதுவான். தட்டையான ஊருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஒருமுறை மேடுபள்ளமான ஒரு மாவட்டத்துக்கு இப்படி எழுதப்போய், "இதை எழுதியவர் வாழ்நாளில் மலையே பார்த்ததில்லை போலும்" என்று ஒரு பாட்டி புகார் அனுப்பினாள். அதிலிருந்து மேடு உள்ளதெல்லாம் சிவப்பிரகாசத்துக்கு, சஃபோக் மாவட்டம் மாதிரி சமமானதெல்லாம் டோமினிக்குக்கு என்றாயிற்று.

உப்பளத்தில் அவனுக்கு 'லண்டன்' என்றே பெயர். அவன் கோபித்துக்கொண்டதில்லை. போகத்தானே போகிறோம் என்று இருந்தான். அவன் மனைவி அருள்மேரி சஃபோக்கில் இப்ஸ்விச் என்ற ஊரில் நர்ஸ். கல்யாணமான எட்டாம் மாதம் கிளம்பியவள், போய் இரண்டு வருடம் ஆகிறது. அவள் அங்கிருந்து சில காகிதங்களை அனுப்பினால் இவன் விசாவுக்கு மனுப் போடலாம். முதலில் வீடு மாறுகிறேன் என்றாள். பிறகு வார்டு மாற்றிவிட்டார்கள் என்றாள். பிறகு ஈஸ்டர் முடியட்டும் என்றாள். ஒவ்வொன்றையும் டோமினிக் நம்பினான். நம்புவதற்கு ஒரு ஆள் வேண்டுமென்றால் அவனை வாடகைக்கே விடலாம், அப்படிப்பட்ட பிள்ளை.

ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை, சஃபோக் பயணம் ஒன்றுக்கான படிவம் அவன் திரையில் வந்து விழுந்தது. இரண்டு பேர், வருகிற வெள்ளி, சனி என்று இரண்டு நாள், முப்பத்தாறு கிலோமீட்டர், ஒரே அறை. முதல் பெயர் அருள்மேரி சவரிராயன். பாஸ்போர்ட்டில் அவள் பெயருக்குப் பின்னால் இருப்பது அவளுடைய அப்பா பெயர்தான். இரண்டாவது ஓர் ஆணின் பெயர். அந்தப் பெயரை டோமினிக் கேள்விப்பட்டதே இல்லை.

உலகத்தில் இன்னொரு சவரிராயனுக்கு இன்னொரு அருள்மேரி இருக்கக்கூடாதா என்று பார்த்தான். பிறந்த தேதி சரியாக இருந்தது. முகவரி, கிறிஸ்துமஸுக்கு அவன் முறுக்குப் பார்சல் அனுப்பிய முகவரி. படிவத்தின் கடைசியில் 'விசேஷக் காரணம் ஏதாவது உண்டா?' என்று ஒரு கட்டம் உண்டு. கேக்கும் பூவும் ஏற்பாடு செய்வதற்காகக் கேட்பார்கள். அதில் அவள் எழுதியிருந்தாள்: 'நாங்கள் ஒன்றாக ஆகி ஒரு வருடம்.'

லண்டன் கம்பெனியில் பதிவு செய்தவளுக்கு அது சுற்றிச் சுற்றிக் குயிலாப்பாளையத்துத் துணிக்கடை மாடிக்கு வரும் என்று எப்படித் தெரியும்? வழிக்குறிப்பு எழுதுகிறேன் என்று இவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். எந்தக் கம்பெனிக்கு என்று அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தபோது, அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததைவிட இதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது.

சிவப்பிரகாசம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். கல்யாணத்துக்கு வந்தவர், பெயரைப் படித்ததும் புரிந்துகொண்டார். தான் எழுதிக் கொள்வதாகவும், நாலு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரும்படியும் சொன்னார்.

"வேணாம்ண்ணா. சஃபோக் என்னுது," என்றான் டோமினிக்.

மறுநாள் விடிந்ததும் உப்பளத்துக்குப் போனான். முதல் நாள் பாதை பதினெட்டு கிலோமீட்டர். வரப்பில் ஏறி மிதித்தான். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வற்றி வெள்ளை கட்டிக்கொண்டிருந்தது. உப்பு வாரிக்கொண்டிருந்த சுலோசனா நிமிர்ந்து, "ஏம்பா லண்டனு, டிக்கெட் போட்டாச்சா?" என்று கேட்டாள். வருடக்கணக்காகக் கேட்கிற கேள்விதான். போட்டாச்சுக்கா என்று சொல்லிவிட்டு வேகமாக மிதித்தான். அவள் பார்வை எட்டாத தூரம் போனதும் சைக்கிளைச் சாய்த்துப் போட்டுவிட்டு, குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். எழுந்தபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அழுத இருபது நிமிடத்தைப் பயண நேரத்திலிருந்து கழித்துக் குறித்துக்கொண்டான்.

எழுத உட்கார்ந்தபோது சைத்தான் வராமல் இல்லை. ஒரு காட்டை ஒட்டிப் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் சரளை. வலது பக்கம் ஆற்றங்கரைக் களிமண், மழை பெய்திருந்தால் சக்கரம் புதைந்துவிடும். ஒரு வரியை விட்டுவிட்டால் போதும், இருவரும் முழங்கால் வரை சேற்றில் நின்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளட்டும். அந்தக் காட்சியை ஆசை தீர மனதில் ஓட்டிப் பார்த்தான். பிறகு, இடது பக்கம் திரும்பவும் என்று தடித்த எழுத்தில் போட்டான். ஏப்ரலில் அந்தக் காட்டில் நீலப் பூக்கள் தரை முழுக்கப் பூத்திருக்கும், பத்து நிமிடம் இறங்கி நடக்கவும் என்றும் சேர்த்தான். அவளோடு அங்கே நடக்க வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பே அவன் குறித்து வைத்திருந்த இடம் அது. நன்றாக எழுதவில்லையென்றால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

வெள்ளியும் சனியும் அவனுக்கு எப்படிப் போயின என்று சொல்லாமல் இருப்பதே மேல். அவர்கள் எந்த நேரத்தில் எந்த வேலியைத் தாண்டுவார்கள், எந்தத் தேவாலயத்துப் பெஞ்சில் உட்காருவார்கள் என்று நிமிடக் கணக்காகத் தெரிந்த ஒரே மனிதன் அவன். வானிலையையும் பார்த்தான். மழை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, வழக்கம்போல அவள் போன் செய்தாள். இரண்டு நாளும் டியூட்டி போட்டு உயிரை எடுத்துவிட்டார்கள், கால் விண்விண்ணென்று வலிக்கிறது என்றாள். விசாக் காகிதங்களை இந்த மாதம் கட்டாயம் அனுப்பிவிடுவதாகவும் சொன்னாள். குரலில் அன்புக்குக் குறைவில்லை. அதுதான் கொடுமை.

டோமினிக் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். கத்த வேண்டும் என்று காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"மேரி, பேப்பர் எதுவும் அனுப்ப வேணாம்," என்றான்.

"ஏங்க? என்னாச்சு?"

"உங்க ரெண்டு பேருக்கும் ரூட் எழுதினது நான்தான். எங்க ஆபீசுக்குத்தான் வந்துச்சு."

அந்தப் பக்கத்தில் ஏதோ கீழே விழுந்த சத்தம் கேட்டது. அவன் போனை வைக்கவில்லை. காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றான். மன்னிப்புக் கேட்பாள், அல்லது அப்படி ஒன்றும் இல்லை என்று சாதிப்பாள், இரண்டில் எது வந்தாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"வழி சரியா இருந்துச்சா?" என்று கடைசியில் அவனே கேட்டான்.

அழுகையில் உடைந்த குரலில், "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க," என்றாள் அருள்மேரி.

அதைக் கேட்டதும் ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நொடிக்காகத் தன்னை அவனால் மன்னிக்கவே முடியவில்லை.