பன்னிரண்டு வில்லைகள்

காணும் பொங்கலன்று காலை ஒன்பது மணி. சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குள் கடலூர் வண்டி நுழைந்து நிற்பதற்குள் சபேசன் கூடவே ஓடினார். ஜன்னல் வழியாக ஒரு கைக்குட்டையையும் தண்ணீர் பாட்டிலையும் மகளின் செருப்பில் ஒன்றையும் மூன்று இருக்கைகளில் வீசிவிட்டார். படியில் நசுங்கி ஏறியவர்கள் சீட்டில் கிடந்த செருப்பைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சபேசன் எல்லாருக்கும் கடைசியாக நிதானமாக ஏறி வந்து, "ஆளு இருக்குது சார்" என்று சொல்லிவிட்டு மனைவி மாலதியோடும் மகள் சிவசக்தியோடும் உட்கார்ந்துகொண்டார்.

அது 2009. சபேசன் கடலூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாக இருந்தார். குடி, சீட்டாட்டம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு வியாதி மட்டும் உண்டு, வரிசையில் நின்றால் அவருக்கு உடம்பெல்லாம் எரியும். 'பந்திக்கு முந்து' என்ற பாதிப் பழமொழியை வைத்துக்கொண்டே நாற்பத்திரண்டு வயதுவரை காலத்தை ஓட்டிவிட்டார். ரேஷன் கடையோ ரயில் டிக்கெட்டோ, எங்கே போனாலும் அவருக்கு ஒரே மந்திரம்தான். "எம் பொண்ணு முன்னாடி நிக்கிறா, கொஞ்சம் விடுங்க" என்பார். பெற்ற பிள்ளையின் பெயரைச் சொன்னால் யாருக்கும் மறிக்க மனம் வராது. சிவசக்தி அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பாள்.

ஆலப்பாக்கம் தாண்டி, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே 'நீலவேணி தீம் பார்க்' திறந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பண்ருட்டியிலிருந்தும் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்தும் ஜனங்கள் வேன் வேனாக வந்து இறங்கியிருந்தார்கள். குடிதண்ணீர்க் குழாயில் ஒருவர் காலைக் கழுவினார். 'ஏறாதீர்கள்' என்று எழுதிய கம்பிமேல் ஏறி ஒரு குடும்பம் போட்டோ எடுத்துக்கொண்டது. ராட்டினத்துக்கு அடிதடியே நடந்தது. பொங்கல் சாப்பிட்ட தெம்பு எல்லாருக்கும் இருந்தது, பொறுமைதான் ஒருவருக்கும் இல்லை.

சிவசக்திக்குப் பாதாள பங்களாவுக்குள் போக வேண்டும். அது பார்க்கின் கோடியில், சவுக்கு நிழல் விழும் இடத்தில், ஜன்னலே இல்லாத கறுப்புக் கட்டடம். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் "வா... வா..." என்று விடாமல் அழைத்துக்கொண்டிருந்தது. டேப்புதான் என்று தெரிந்தவர்களுக்கும் அந்தக் குரல் முதுகில் ஊர்ந்தது. வாசலில் வெயிலில் இருநூறு பேர் நின்றார்கள்.

"வேணாங்க. உள்ள பொகை வுடுறாங்களாம். போன மாசம்தான் வீசிங் வந்து ரெண்டு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா" என்றாள் மாலதி.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுவோம். நீ பையோட அந்த வேப்பமரத்தாண்ட உக்காரு" என்றார் சபேசன். மகளின் மூச்சிரைப்புக்கு வைத்திருந்த பம்ப்பும் அந்தப் பையில்தான் இருந்தது.

அவர் மகளை வரிசைக்கு வெளியே ஓரமாக முன்னால் அனுப்பிவிட்டு, கூட்டத்துக்குள் நுழைந்தார். "எம் பொண்ணு முன்னாடி நிக்கிறா, கொஞ்சம் விடுங்க." முணுமுணுத்தார்கள், ஆனாலும் வழிவிட்டார்கள். முன்வரிசையில் தைலம்மாள் என்ற பெண் நின்றாள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் கொட்டகையில் வேலை. பச்சைப் பாவாடை கட்டிய தன் மகளோடு ஒன்றரை மணி நேரமாகக் கால்மாற்றிக் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தாள்.

"புள்ள தனியா நிக்குதா? அய்யோ, போங்க சார், போங்க" என்று அவளே மகளை இழுத்து வழிவிட்டாள்.

வாசலைப் பார்த்துக்கொண்டவர் தேவசகாயம். அவர் தலைக்குமேல் ஒரு பலகை, அதில் பன்னிரண்டு ஆணி, ஆணிக்கு ஒரு தகர வில்லை. உள்ளே போகும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு வில்லையைக் கொடுப்பார். பக்கத்துக் கதவால் அவர்கள் வெளியே வரும்போது வாங்கி ஆணியில் மாட்டுவார். ஒரு ஆணி காலியாக இருந்தால்கூட அடுத்த பன்னிரண்டு பேரை விடமாட்டார். ஜனங்கள் அதை ஏதோ டோக்கன் என்று நினைத்துக் கேலி செய்தார்கள். பச்சைப் பாவாடைப் பெண்ணின் கையில் கடைசி வில்லையை வைக்க அவர் குனிந்த நேரம் பார்த்து, சபேசன் கயிற்றைத் தூக்கினார். மகளை அதன் அடியில் தள்ளி, தானும் நுழைந்து, உள்ளே போகிறவர்களோடு கலந்துவிட்டார். "எப்படி?" என்று மகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

உள்ளே கால் வைத்ததும் வெயில் அறுந்தது. பன்னிரண்டு பேருக்கு அளவெடுத்துக் கட்டிய சந்தில் பதினான்கு பேர் உரசிக்கொண்டு நடந்தார்கள். மேலேயிருந்து முடிக்கற்றைகள் முகத்தில் தடவின. சாம்பிராணியும் ரப்பரும் சேர்ந்து கருகிய மாதிரி ஒரு புகை தொண்டையைப் பிடித்தது. சிவசக்தி இருமினாள். இரண்டாம் வளைவில் யாரோ அலறிப் பின்வாங்க, நெரிசலில் மகளின் கை நழுவியது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பண்டிகை என்றும் பாராமல் கரண்ட் போனது. சிவப்பு விளக்குகள் செத்தன. "வா... வா..." என்ற குரல் இழுபட்டு, தடித்து, அடிவயிற்றிலிருந்து வரும் முனகலாகி நின்றுவிட்டது. அதன்பின் இருட்டில் மனிதர்களின் மூச்சுதான் கேட்டது. சபேசன் தடுமாறித் துழாவினார். ஒரு சின்னக் கை அகப்பட்டது, சில்லென்றிருந்தது.

"பயப்படாத சக்தி, அப்பா இருக்கேன்" என்றார். கை பதில் சொல்லவில்லை, கூடவே வந்தது. சுவரைத் தடவி, திட்டிக்கொண்டே போகிறவர்களின் பின்னால் நடந்து, வெளிக்கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்து திரும்பிப் பார்த்தார்.

அவர் பிடித்திருந்தது பச்சைப் பாவாடைப் பெண்ணின் கையை.

தைலம்மாள் பாய்ந்து வந்து மகளைப் பறித்துக்கொண்டாள். "எம் புள்ளைய ஏன்யா இழுத்துக்கினு வர்ற? உள்ள தடவித் தடவிக் கூப்புடுறேன், காணோமேன்னு என் உசுரே போயிடுச்சு!" சபேசன் காதில் அது விழவில்லை. அவர் திரும்பியபோது தேவசகாயம் அந்தப் பெண்ணின் வில்லையையும் வாங்கி மாட்டிவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"அய்யா, தொறங்க! எம் பொண்ணு உள்ள இருக்கா!"

தேவசகாயம் பலகையைக் காட்டினார். பன்னிரண்டு வில்லைகளும் சவுக்குக் காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. "பன்னெண்டு பேரு போனாங்க, பன்னெண்டும் வந்துடுச்சு. உள்ள யாருமே இல்ல சார். இனிமே ரெண்டு மணிக்கு கரண்ட் வந்தாத்தான். உங்க வில்லைய குடுத்தீங்கல்ல?"

இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கடியில் நுழைந்தேன் என்று சொல்லச் சபேசனுக்கு நாக்கு புரளவில்லை. "குடுத்தேனே" என்றார்.

"உங்க பொண்ணு?"

"அவளும்... குடுத்தா."

"அப்ப அவுங்களும் வெளிய வந்துட்டாங்க சார். ராட்டினத்தாண்ட போய்ப் பாருங்க."

நுணலும் தன் வாயால் கெடும். அந்த ஒரு பொய்யில் மகள் வெளியே வந்துவிட்டவள் ஆனாள். தேடவேண்டிய அவசியமே இல்லாமல் போனது. சபேசன் கதவில் மோதிக் கத்தினார். "சத்தியமா உள்ள இருக்காய்யா!"

வரிசையிலிருந்த ஒரு இளைஞன் கை தட்டினான். "சார், அப்ப முன்னாடி நிக்கிறான்னீங்க. இப்ப உள்ள இருக்கான்றீங்க. அடுத்து என்ன, கூரை மேல நிக்கிறான்னு ஏணி கேப்பீங்களா?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. தைலம்மாள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அத்தனை பேர் நடுவில் அவர் சொல்லை நம்ப ஒரு ஆள் இல்லை. இத்தனை வருஷம் ஏய்த்துவந்த கூட்டம் முதல் தடவையாக அவரைத் திருப்பிப் பார்த்தது. 

அப்போது பச்சைப் பாவாடைப் பெண் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "அந்த அக்கா செவுத்துக்குள்ள போயிட்டாம்மா."

சிரிப்பு நின்றது.

"செவுரு தொறந்துச்சு. அக்கா உள்ள போனா. செவுரு மூடிக்கிச்சு."

வெயிலில் நின்றவர்களுக்கே மயிர்க்கால் குத்திட்டது. சபேசன் அப்படியே தேவசகாயத்தின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "நான் பொய் சொன்னேங்க. வில்லையே வாங்கல. வரிசையிலயே நிக்கல. நீங்க குனிஞ்சப்ப புள்ளய கயித்துக்கடியில தள்ளிட்டு நானும் பூந்துட்டேன். உங்க கணக்குல அவ இல்ல. ஆனா உள்ள இருக்காங்க. அவளுக்கு வீசிங்கு, பொகை ஆகாது. பம்ப்பு வேப்பமரத்தாண்ட அவ அம்மா பையில இருக்குது. கும்புட்டுக் கேக்குறேன், தொறங்க."

தேவசகாயத்தின் முகம் வெளுத்தது. "கறுப்புத் துணியத்தான் செவுருன்னு சொல்லுது புள்ள. அதுக்குப் பின்னால சாமான் ரூமு. பொகை மெஷினும் அங்கதான் இருக்குது. கரண்ட் போனா பொகைய வெளிய தள்ள ஃபேனும் ஓடாது!" சாவியைத் துவாரத்தில் நுழைத்துக் கதவைத் திறந்தார். கிண்டலடித்த இளைஞன் டார்ச் வைத்த செல்போனை நீட்டினான். தைலம்மாள், "மரத்தடியில அந்தம்மா பையோட இருக்காங்களே, நான் கூட்டியாரேன்" என்று மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உள்ளே புகை அசையாமல் நின்றது. சபேசன் வெளிச்சத்தைச் சுவரில் அடித்துக்கொண்டே "சக்தி, சக்தி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாம் வளைவில் தேவசகாயம் ஒரு இடத்தில் கை வைத்தார். சுவர் நெகிழ்ந்து விலகியது.

உள்ளே வரிசையாக ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

சபேசன் டார்ச்சை உயர்த்தினார். ஒருவர் பின் ஒருவராக ஏழெட்டுப் பேர், பழைய புடவை சுற்றி, முடி விரித்து, முதுகு காட்டி, இம்மியும் அசையாமல் நின்றார்கள். ரிப்பேருக்கு வைத்த பொம்மைகள் என்று புரிய அவருக்கு நேரம் பிடித்தது. வரிசையின் கடைசியில், முன்னால் நின்ற பொம்மையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, எட்டு வயதுச் சிவசக்தி நின்றாள். உதடு நீலம் பூத்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது.

"அப்பா... காணாமப் போனா... வரிசையில நின்னுக்கன்னு... டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள் அவள், ஒவ்வொரு சொல்லாக. "நின்னேன்... ரொம்ப நேரமா நின்னேன்... இவுங்க யாருமே... நகர மாட்றாங்கப்பா."

அவர் அவளை வாரி எடுத்துக்கொண்டு இருட்டில் இடித்து மோதி வெளியே ஓடிவந்தார். வாசலில் மாலதி பம்ப்போடு நின்றாள். இரண்டு முறை அழுத்தினாள். நாலாவது மூச்சிலோ ஐந்தாவது மூச்சிலோ விசில் சத்தம் தணிந்தது. உதட்டில் ரத்தம் திரும்பியது. யாரோ விசிறினார்கள், யாரோ சோடா உடைத்தார்கள்.

பயம் இறங்கியதும் மாலதிக்குக் கோபம் ஏறியது. "புள்ளய உள்ள வெச்சுப் பூட்டியிருக்கீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா? இவரு வக்கீல் ஆபீஸ்ல வேலை செய்யிறாரு, தெரியுமா? என்னாங்க, மரம் மாதிரி நிக்கிறீங்க? எழுதுங்க கம்ப்ளைன்ட்டு!"

 வேலை போகும் என்று தேவசகாயத்துக்குத் தெரியும். கூட்டமும் சபேசன் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு சின்னப் பொய் சொன்னால் போதும், மனைவி முன்னால் மானம் தப்பிவிடும்.

சிவசக்தி அப்பாவின் சட்டையை இழுத்தாள். "நீ கத்துனது கேட்டுச்சுப்பா. எல்லாரும் சிரிச்சதும் கேட்டுச்சு. உள்ள யாருமே இல்லன்னு அந்த அங்கிள் சொன்னாரு. நான் இருந்தேனே. ஏம்பா அப்புடிச் சொன்னாரு?"

சபேசன் உடைந்துபோனார். அத்தனை பேர் முன்னாலும் மூக்கைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்துத் திரும்பினார்.

"தப்பு அவரு மேல இல்ல மாலதி. பூட்டுனது அவரு கைதான், ஆனா புள்ளய உள்ள தொலைச்சது நானு. வரிசைன்னா வேலையத்தவன் நிக்கிற எடம்னு நெனச்சிருந்தேன். நமக்கு முன்னாடி யாரு, பின்னாடி யாருன்னு நாலு பேருக்குத் தெரியிற எடம் அது. அத ஏமாத்திக் குறுக்கால போறவன் அடுத்தவன் நேரத்த மட்டும் திருடல. தான் பெத்த புள்ளயையே 'இல்ல'ன்னு ஆக்கிட்டுப் போறான்."

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "உங்க புள்ளைங்க கையில ஒரு வில்லை இருக்கட்டுங்க. ரெண்டு மணி நேரம் ஆனாலும் நின்னு வாங்கிக் குடுங்க."

கயிற்றை ஒட்டிக் குறுக்கே நுழையக் காத்திருந்த நாலைந்து பேர், ஒருவரை ஒருவர் பார்க்காமல், மெல்ல நகர்ந்து வரிசையின் கடைசியைத் தேடிப் போனார்கள்.