சோடாக்குப்பி மணிகள்

மணி மறுபடியும் வெடித்தது.

சைக்கிள் கம்பியைச் சுகிர்தபாய் மேஜைமேல் வைத்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைப்பதற்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம். கம்பியின் நுனியில் பச்சையாய், உருண்டையாய், அத்தனை லட்சணமாய் இருந்த கண்ணாடி மணி இரண்டாகப் பிளந்திருந்தது.

“பொட்டிச்சா?” அடுக்களையிலிருந்து நாத்தனார் புஷ்பபாய் கேட்டாள். குரலில் வருத்தம் ஒரு துளியும் இல்லை.

“பொட்டிச்சு மைனி.”

“நம்ம சபையிலெ மணிமாலை போடுற பழக்கமே கெடையாது. ஆருக்க கழுத்துக்காக்கும் இந்தப் பாடு?”

“கழுத்துக்கில்ல மைனி, லேஸ் பைக்குக் குஞ்சம் கெட்டியதுக்கு. எத்தனை மட்டம் சொல்லியது?”

நெய்யாற்றின்கரை லேஸ் நிலையத்தில் சுகிர்தபாய் வருஷக்கணக்காக ஓரம் மட்டும் பின்னிக்கொண்டிருந்தாள். பை முழுவதையும் முடித்துப் பெயர் வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். பம்பாய் மணி வரத்து நின்றுபோன சமயத்தில் அவள் துணிந்து, “மணி நான் செய்து தாறேன்” என்று சொல்லிவிட்டாள். நிலையத்து விமலகுமாரி டீச்சர் சிரித்தார். பிறகு, “உடையாத மணி ஒரு சரம் கொண்டு வா. பை வேலை மொத்தமும் உன் பொறுப்பு” என்றார். அந்த ஒரு சரத்துக்குத்தான் இவ்வளவு அவஸ்தை.

அவஸ்தைக்குக் கெடுவும் இருந்தது. கண்ணாடி உருக்கும் விளக்கும், அதன் தீயை ஊத காலால் மிதிக்கும் துருத்தியும் தட்டார் வேலாயுதன் ஆசாரியுடையவை. தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று ஊரெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. பாறசாலைச் சந்திப்பில் ஹர்த்தால். ஆசாரி கடைக்கும் பூட்டு. “சும்மாதானே கெடக்கு, கொண்டுபோ. கடை தொறக்க அன்னைக்கு எனக்கு வேணும், கேட்டியா பிள்ளே” என்று கொடுத்திருந்தார்.

“நாங்க எல்லை வேணும்ணு தொண்டை கிழியக் கத்தியோம். நீ கடை தொறக்கப்பிடாதுண்ணு ஜெபம் பண்ணுத” என்பான் கணவன் ராஜதாஸ். அவன் ஒரு கூட்டம் தவறவிடாதவன்.

கண்ணாடிக்கும் போராட்டமே வழிசெய்தது. சந்திப்பில் தடியடி நடந்த மறுநாள் ரோடெல்லாம் சோடாக்குப்பிச் சில்லு. சுகிர்தபாய் ஒரு சாக்கை எடுத்துப்போய் அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒவ்வொன்றையும் பட்டுத்தான் படித்தாள். ஓலைச்சாய்ப்பில் விளக்கை வைத்தபோது கூரை நுனி கருகியது. ஓடு போட்ட பக்க அறைக்கு மாற்றினாள். காற்று இடைஞ்சலாக இருக்கிறதென்று கதவைச் சாத்தினால் புகையில் தலை சுற்றியது, திறந்து வைத்தாள். முடியைத் துணியால் இறுக்கிக் கட்டி, முந்தானையைச் செருகி, கையெட்டும் தூரத்தில் ஒரு சட்டி மணலும் நனைத்த சாக்கும் வைத்துக்கொண்டாள். சில்லை எடுத்த எடுப்பில் தீக்குள் நீட்டினால் தெறித்தது. முதலில் தீயின் ஓரத்தில் காட்டிச் சூடேற்றினாள். உருகிய கண்ணாடி கம்பியை விட்டு வரமாட்டேன் என்றது; களிமண்ணும் சாம்பலும் குழைத்துக் கம்பியில் பூசிக் காயவைத்தாள். எல்லாம் வசத்துக்கு வந்தது. ஆறும்போது வெடிப்பது மட்டும் நிற்கவில்லை.

ஆசாரியிடமே கேட்டாள்.

“பொன்னை என்ன செய்யியோம்? சூட்டோட தண்ணியிலெ ஒரு முக்கு. அவ்வளவுதான்” என்றார் அவர்.

முக்கினாள். மணி வெடிபோல் சிதறியது. ஒரு துணுக்கு புருவத்துக்கு மேலே கீறி ரத்தம் வழிந்தது. அரை அங்குலம் இறங்கியிருந்தால் கண். அன்று முதல் அவள் ராஜதாஸின் மூக்குக்கண்ணாடி இல்லாமல் விளக்கின் முன் உட்காருவதில்லை. அவன் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, “எப்பம் தருவே?” என்று கேட்டுக்கொண்டிருப்பான்.

இந்த மணியும் வெடித்த அன்று அந்திக்கு ராஜதாஸ் சேதியோடு வந்தான். “நாளைக்குக் கடை தொறக்காங்க. ஹர்த்தால் முடிஞ்சு.”

சுகிர்தபாய்க்கு விளக்கைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. மூன்று கம்பிகளை அடுத்தடுத்து எடுத்து, ஒன்று ஆறாமல் தீயோரத்தில் காட்டிக்கொண்டே மற்றதை உருட்டினாள். மூன்று மணியும் திரண்டு வந்த நேரம் வாசலில் பூட்ஸ் சத்தம்.

ராஜதாஸ் ஜன்னல் வழியே எட்டிப்பார்த்தான். “போலீஸ். தடியடி அன்னைக்கு சந்திப்பிலெ குப்பி எறிஞ்சவனைத் தேடியானுவ. நம்ம வீட்டிலெ ஒரு சாக்கு குப்பிச்சில்லு.”

மேஜைமேல் கிடந்த சில்லையும் வாரிச் சாக்கில் போட்டான். சாக்கின் வாயைக் கட்டி, பின்வாசல் வழியே ஓடி, கிணற்றில் போட்டுவிட்டான். மூன்று கம்பிகளையும் பிடுங்கிக்கொண்டு அடுக்களைக்குப் பாய்ந்தவள் புஷ்பபாய். அங்கே அடுப்புச் சாம்பலுக்குள் ராச்சாப்பாட்டுக்கு மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. கம்பிகளை அதற்குள் செருகி, மேலே இன்னும் நாலு கை சுடுசாம்பலை வாரிப் போட்டாள்.

ஏட்டு உள்ளே வந்து சுற்றிப் பார்த்து மலையாளத்தில் கேட்டார். “குப்பிச்சில்லு கூட்டி வெச்சிரிக்குந்நெந்நு கேட்டல்லோ. எவிடே?”

“இவிடே மரச்சீனி உண்டு” என்றாள் புஷ்பபாய்.

ஏட்டு சுகிர்தபாயின் புருவத்தைப் பார்த்தார். “நெற்றியில் எந்தாணு?”

“தட்டார் சொல்லித் தந்த புத்தி” என்றாள் அவள். எரிச்சலில் வாயில் வந்தது அதுதான்.

ஏட்டுக்கு விளங்கவில்லை. துருத்தியை ஒரு மிதி மிதித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

சுகிர்தபாய் அடுப்பை நோக்கி ஓடினாள். புஷ்பபாய் குறுக்கே நின்றாள். “தொடப்பிடாது. திரும்ப வந்தாலும் வருவானுவ. விடியட்டும்.”

“எனக்க மணி மைனி.”

“உனக்க மாப்பிள்ளையைக் கொண்டுபோனா மணியை வச்சு என்ன செய்வே?”

அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் பழங்கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார்கள்.

காலையில் புஷ்பபாய் மரச்சீனிக்காகச் சாம்பலைக் கிளறியபோது கம்பிகளும் வந்தன. சாம்பல் அப்போதும் கையில் லேசாகச் சுட்டது. சுகிர்தபாய் மணிகளைத் தரையில் வைத்துக்கொண்டு ‘டிக்’ சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை. விரலால் சுண்டினாள். திருகிக் கழற்றினாள். கழுவினாள். சாம்பல் ஒட்டிக் கொஞ்சம் சொரசொரப்பு. ஆனால் மூன்றும் முழுசு. அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை நாளும் நாலெட்டு தூரத்தில் இருந்த சாம்பல்.

“மைனி, மெதுவா ஆறணும். மரச்சீனி வேகிய மாதிரி. அவ்வளவுதான் காரியம்.”

“எனக்கென்ன தெரியும்? நான் ஒளிச்சு வச்சேன்.”

வாசலில் வேலாயுதன் ஆசாரி நின்றிருந்தார். “துருத்தி எடுக்க வந்தேன் பிள்ளே. கடை தொறந்தாச்சு.”

சுகிர்தபாய் மணிகளை அவர் உள்ளங்கையில் போட்டாள். ஆசாரி உருட்டிப் பார்த்தார். “கொள்ளாமே. தண்ணியிலெ முக்கினியா?”

அவள் புருவத்தைத் தொட்டுக் காட்டினாள்.

ஆசாரி மணிகளைத் திருப்பிக் கொடுத்தார். “இன்னைக்கு ஆரு பொன்னு வாங்க வரப்போறான்? உச்சைக்கு வாறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உச்சிவரைக்கும் துருத்தி உண்டு. ஆறவைக்கச் சாம்பல் போதும். ஒரு சரம் உருட்டிவிடலாம். சுகிர்தபாய் விளக்கைக் கொளுத்தினாள், கண்ணாடியை மாட்டினாள், சில்லுக்குக் கையை நீட்டினாள். மேஜையில் ஒரு துண்டுகூட இல்லை.

ராஜதாஸ் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அவன் கையில் கயிறும், கிணற்றில் விழுந்ததைக் கொளுவி எடுக்கும் பாதாளக்கரண்டியும் வந்து சேர்ந்தன.

“போட்டது நீங்க. எடுக்கியதும் நீங்களாக்கும்.”

“எனக்குக் கூட்டம் உண்டு சுகிர்தம். ஆளுவ காத்திருப்பாங்க.”

“எல்லை எங்கயும் ஓடாது. துருத்தி உச்சைக்கு ஓடிப்போவும்.”

கிணற்றில் கரண்டி ‘சளக்’ என்று விழுந்தது. முதல் இழுப்பில் போன மழைக்கு முங்கிய வாளி வந்தது. “அது எனக்க வாளியாக்கும்” என்று புஷ்பபாய் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டாள்.

“எனக்கு வாளி வேண்டாம்” என்றாள் சுகிர்தபாய், உள்ளே வெறும் விளக்கின் முன்னால் துருத்தியை மிதித்தபடி. “சாக்கு.”

ராஜதாஸ் மறுபடியும் கயிற்றை இறக்கினான்.