செவலை கால் வெச்ச ரூமு

எங்க வூட்டு செவுத்துல விரலால ஒரு கோடு இழுத்துப் பாத்துட்டு, "இங்க முடியாதும்மா"ன்னு ஆஸ்பத்திரி நர்சு ஷாரோன் சிஸ்டர் சொன்னப்போ எனுக்கு பத்திக்கினு வந்துச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பு ஒண்ணும் இல்ல. ஓட்டு வூடு, மேல எலி ஓடுனா மண்ணு கொட்டும், செவுத்துக்கு அந்தாண்ட மாட்டுக் கொட்டாய். ஆனா கோவத்துக்கு நாயம் தெரியுமா இன்னா.

விஷயம் இதான். எங்க வூட்டுக்காரரு முத்துகிருஷ்ணனுக்கு ரெண்டு கிட்னியும் போச்சு. வாரத்துல மூணு நாளு காவாந்தண்டலத்துலேர்ந்து கெளம்பி, வாலாஜாபாத்ல பஸ் மாறி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு போய், கையில ஊசி குத்தி, ரத்தத்தை மிஷின்ல சுத்தம் பண்ணிக்கினு வரணும். மறுநாளு பூரா எழுந்திருக்க மாட்டாரு. எழுந்தா திரும்பவும் பஸ்ஸு. ஒரு தபா வந்து படுத்தவரு, "சுலோச்சனா, இனிமே நான் போ மாட்டேன்"னாரு. கோவமா சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டியிருப்பேன். நெல்லு வித்தாச்சுன்னு சொல்ற மாதிரி சாதாரணமா சொன்னாரு. அதுலதான் பயந்துட்டேன்.

இன்னொரு வழி கீதுன்னு டாக்டர் சொன்னாரு. வயித்துல சின்ன டியூப் வெச்சு, பையில வர்ற மருந்துத் தண்ணிய உள்ள வுட்டு வெளிய எடுத்தா எல்லாம் வூட்லயே முடிஞ்சிடும். பஸ்ஸும் இல்ல, ஊசியும் இல்ல. ஆனா அதுக்குன்னு சுத்தமா தனி ரூம் ஓணும். செவுரு கழுவுற மாதிரி இருக்கணும், கை கழுவ குழாய் இருக்கணும், ஆடு மாடு அண்டக்கூடாது. சிஸ்டர் வந்து பாத்து சரின்னு சொன்னாதான் டியூப்பே வைப்பாங்க. இல்லன்னா அதே பஸ்ஸுதான், அந்த பஸ்ஸுல இவரு ஏற மாட்டாரு.

கல்லுல ரூம் கட்ட கையில இன்னா கீது எங்களுக்கு. அப்பதான் வெல்டர் சாம்சன் வந்தான். வாலாஜாபாத் ரோட்டுல வேலை முடிச்ச கம்பெனிக்காரங்க, சைட் ஆபீஸா வெச்சிருந்த தகர கேபினை பழைய இரும்பு வெலைக்கு தள்ளிட்டு போறாங்களாம். "அக்கா, செவுரு கீது, கதவு கீது, ஜன்னல் கீது. நாம நெனைச்சா ரூம் ஆக்கிடலாம்"னான். அந்த வாரமே என் கம்மல் காதை வுட்டு எறங்குச்சு.

கிரேன் வெச்சு கொண்டாந்து, மோட்டார் ரூம் பக்கத்துல கழனி ஓரமா எறக்குனோம். மத்தியானத்துல உள்ள போனா அப்பளம் காயும், அவ்ளோ சூடு. கூரைத் தகரத்துக்கு மேல ஒரு முழம் எடம் வுட்டு சாம்சன் பைப்பு அடிச்சான், அது மேல தென்னங்கீத்து போட்டோம், சூடு பாதியா கொறைஞ்சிடுச்சு. டிவி கடையில தூக்கிப்போட்ட தெர்மாகோலை எல்லாம் பொறுக்கியாந்து செவுத்துல வெச்சு, மேல பிளாஸ்டிக் பலகை அடிச்சான். இடிச்ச கல்யாண மண்டபத்து வாஷ்பேசின் ஒண்ணு கெடைச்சுது. தரையில பச்சை கலர் ஷீட்டை நானே உக்காந்து ஒட்டுனேன். லேசா மக்குன வாடை வந்துச்சு. பழைய கேபின்னா அப்பிடித்தான் இருக்கும்னு ஊதுவத்தி ஏத்தி வெச்சேன்.

எல்லாம் முடிஞ்சு, மறுநாளு காலைல சிஸ்டர் பாக்க வருதுன்றப்போ இவரு ஆரம்பிச்சாரு. "பசு நுழையாத வூட்ல நான் படுக்க மாட்டேன்."

"இது வூடு இல்லய்யா, ரூமு. மாடே ஆவாதுன்னு சிஸ்டர் தலைதலையா அடிச்சிக்குது."

"மாடு வேற, பசு வேற. மொத தபா மட்டும் நுழையட்டும். அப்பறம் டெட்டால் ஊத்தி கழுவிக்க."

ரொம்ப நாளு கழிச்சு அந்த மனுசன் வாயைத் தெறந்து ஒண்ணு ஓணும்னு கேட்டாரு. சோறு ஓணும்னு கேக்கல, தூக்கம் ஓணும்னு கேக்கல, இதைக் கேட்டாரு. எப்பிடி மாட்டேன்றது?

விடியறதுக்கு முன்னாடியே எங்க பசு செவலையை குளிப்பாட்டி, மஞ்சள் குங்குமம் வெச்சு, கழுத்துல மாலை போட்டு, கதவாண்ட இட்டாந்தோம். கதவு ஆபீஸ் கதவு, மாட்டுக்கு கொஞ்சம் இடுக்குதான். வாழைப்பழத்தைக் காட்டி காட்டி உள்ள இழுத்தேன். மண்ணுல நடந்த மாடு அது. அடியில பலகை டொம்மு டொம்முனு சத்தம் போட்டதும் மெரண்டு பின்னாடி போச்சு. படக்குனு ஒரு சத்தம். பின்னங்காலு பச்சை ஷீட்டைக் கிழிச்சிக்கினு தரைக்குள்ள போயிடுச்சு. பயத்துல அது போட வேண்டியதையும் அங்கயே போட்டுச்சு.

நான் மாட்டோட கழுத்தைக் கட்டிக்கினு நிக்கறேன், சாம்சன் கால சுத்தி பலகையை அறுக்கறான், இவரு வெளிய கல்லு மேல உக்காந்துட்டாரு. அந்நேரத்துக்கு வண்டி சத்தம். பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க. ஷாரோன் சிஸ்டர் தலையில ஹெல்மெட்டோட கதவாண்ட நிக்குது.

"கிருகப்பிரவேசம் சிஸ்டர்"னேன். வேற இன்னா சொல்றது.

அது ஹெல்மெட்டை கயட்டி வெச்சுட்டு உள்ள வந்து சாம்சனுக்கு கை குடுத்துச்சு. கால் வெளிய வந்துச்சு. தோலு சிராய்ஞ்சு ரத்தம், எலும்பு ஒடையல. செவலை வெளிய போனதும் சிஸ்டர் போன்ல லைட்டு போட்டு அந்த ஓட்டைக்குள்ள பாத்துச்சு. அப்பறம் என்னைக் கூப்பிட்டு காட்டுச்சு. பலகைக்கு அடியில கருகருன்னு பூஞ்சை, கை வெச்சா பிஞ்சிக்கினு வருது.

"மண்ணு மேல நேரா எறக்கிட்டோம்க்கா. கழனித் தண்ணி அடியில நின்னு ஊறிப்போச்சு"ன்னான் சாம்சன். அவன் மூஞ்சி செத்துப்போச்சு.

"மேல இவ்ளோ பளிச்சுனு கீது. நான் பாத்துட்டு சரின்னு எழுதிட்டு போயிருப்பேன்மா"ன்னுச்சு சிஸ்டர். "இதுக்கு மேல படுத்துக்கினு வயித்து டியூப்பைத் தெறந்து, இந்தப் பூஞ்சை உள்ள போயிருந்தா காப்பாத்தறது கஷ்டம்."

நான்தான் அந்த வாடைக்கு ஊதுவத்தி ஏத்துனவ.

தரையை மொத்தமா பேத்துட்டு வேற போட்டு கூப்பிடுங்க, அது வரைக்கும் சார் செங்கல்பட்டு வந்தே ஆவணும்னு சிஸ்டர் சொல்லுச்சு. இவரு எழுந்து வேட்டியைத் தட்டிக்கினாரு. "அதான் சொல்லிட்டேனே. போ மாட்டேன்"னு வூட்டுப் பக்கம் நடந்தாரு.

"யோவ், நில்லு. இங்க வா. வந்து இந்தக் கால பாரு. வாயில்லா ஜீவன் உனுக்கோசரம் கால வுட்டுச்சு. நீ இன்னும் கொஞ்ச நாளு ஊசிக்கு கையை நீட்ட மாட்டியா?" என் கொரலு மோட்டார் ரூம் தாண்டி கேட்டிருக்கும். கேக்கட்டும்.

நின்னாரு. திரும்பி வந்து செவலைக்கு பக்கத்துல குனிஞ்சு உக்காந்தாரு. பூசைத் தட்டுல இருந்த மஞ்சளை எடுத்து, மெதுவா அந்தக் காயத்துல அப்புனாரு. அப்பறம் என்னைப் பாக்காமயே, "நாளைக்கு எந்த பஸ்ஸு"ன்னு கேட்டாரு.

சாம்சன் கூலி பேசாம மறுபடியும் வந்தான். ஜாக்கி வெச்சு கேபினைத் தூக்கி, அடியில ஹாலோ பிளாக் அடுக்கி, காத்து போற மாதிரி பண்ணுனான். பழைய பலகையை எல்லாம் கொளுத்திட்டு சிமெண்டு பலகை போட்டோம். அது மேல கடையில மிச்சம் மீதி கெடந்த டைல்ஸு, ஒண்ணு பூப்போட்டது, ஒண்ணு வெள்ளை, ஒண்ணு சாம்பல். பால் மட்டும் வெளிய காய்ச்சி பொங்க வெச்சோம். இந்த தபா சிஸ்டர் மண்டி போட்டு தரையைத் தட்டித் தட்டி பாத்துச்சு, மோந்தும் பாத்துச்சு. "இப்போ சரிம்மா"ன்னுச்சு.

ஆபரேஷன் முடிஞ்சுது. எனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்தாங்க. ஃபேனை நிறுத்தணும், ஜன்னலை சாத்தணும், மூக்கு வாயை மூடி மாஸ்க் போடணும், டியூப் தெறந்திருக்கும்போது பேசக்கூடாது. மொத நாளு நான் தனியா பையை டியூப்புல மாட்டிட்டு, வாயைத் தெறக்காம, மூச்சைப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தேன். பையிலேர்ந்து தண்ணி எறங்க ஆரம்பிச்சுது. டியூப்புல எல்லாம் மாட்டி முடிச்சாச்சு, இனி பேசுனா பயமில்ல. அவரு என்னைப் பாத்து, மாஸ்க்குக்குள்ளேர்ந்து மெதுவா சொன்னாரு. "உன் வாயை மூட ஒரு ரூமே கட்ட வேண்டியதாப் போச்சு."

அந்நேரம் ரோட்டுல வாலாஜாபாத் பஸ்ஸு ஹாரன் அடிச்சிக்கினு போச்சு. வழக்கமா நாங்க ஏறுற பஸ்ஸு. ரெண்டு பேரும் கேட்டுக்கினு உக்காந்திருந்தோம். தூரத்துல கட்டியிருந்த செவலை ஒரு தபா கத்துச்சு. எனுக்கு அழுகை வந்துடுச்சு, அடக்க முடியல, மாஸ்க் நனைஞ்சு போச்சு. நனைஞ்ச மாஸ்க் ஆவாதுன்னு சிஸ்டர் சொல்லியிருக்கு. எழுந்து வேற மாஸ்க் மாத்திக்கினு, அந்தக் கல்யாண மண்டபத்து பேசின்ல மறுபடியும் மொதல்லேர்ந்து கை கழுவிட்டு வந்து உக்காந்தேன்.