நேர்கோட்டின் கடைசி ஷிப்ட்

எங்கோ கண்காணாத தொலைவில் ஒரு பெரிய நட்சத்திரம் மண்டையைப் போடும்போது சில நொடிகள் காமா கதிர் பீய்ச்சியடிக்கும். பூமியைச் சுற்றும் எங்கள் தொலைநோக்கிக்கு அதைப் பிடிப்பதுதான் வேலை. மாதத்துக்கு ஒன்று மாட்டினால் பெரிது. அது மாட்டிய நேரத்தில் கண்காணிப்பு நாற்காலியில் இருந்தவர் பெயரில்தான் உலகத்துக்கு அறிக்கை போகும். எங்கள் அலுவலகச் சட்டம் அப்படி.

வாரம் ஒரு நாளாக இரண்டு வருடம் அந்த நாற்காலியைத் தேய்த்தேன். ஒன்றுகூட இல்லை. நான் உட்கார்ந்தால் பிரபஞ்சமே வாயைப் பொத்திக்கொள்ளும். திரையில் வரைபடம் பாயை விரித்துப் படுத்துவிடும். அங்கேயே வேலை பார்க்கும் என் மனைவியின் தம்பி எனக்கு 'நேர்கோடு' என்று பெயரே வைத்துவிட்டான். அவன் பெயரில் ஏழு வெடிப்புகள். அவன் தும்மினாலே நட்சத்திரம் வெடிக்கும்.

ஓய்வு பெறும் நாளும் வந்தது. காலை ஒன்பதிலிருந்து கண் கொட்டாமல் பார்த்தேன், டிராயரைக் காலி செய்த கடைசிக் கால் மணி நேரம் தவிர. ஐந்து மணிக்கு அடுத்த ஷிப்டுக்கு மைத்துனன் வந்து நின்றான்.

"என்ன மாமா, கடைசி வரைக்கும் சைபர்தானா?"

"நாலு மணிக்கு மேல நடந்தது இன்னும் வந்து சேரலை, மாப்ளே."

அது உண்மை. தொலைநோக்கி எங்கள் ஆண்டெனாவுக்கு மேலே வரும்போதுதான் பார்த்ததையெல்லாம் கொட்டும். அடுத்த முறை ஐந்தரைக்கு.

"ஏதாவது வந்தா கூப்பிடறேன். நீங்க எழுந்தாத்தான் வானத்துக்கு மூச்சே வரும். போய்க் கேக்கை வெட்டுங்க."

பக்கத்து அறையில் ஆயிரம் பேர் திரண்டிருந்தார்கள். மனைவி எண்ணிப் பார்த்துப் பதினாலு என்றாள். கேக்கின் மேல் பாவிகள் கிரீமால் ஒரே ஒரு நேர்கோடு இழுத்திருந்தார்கள். பேச்சுகள் முடிந்து கத்தியை எடுத்தேன்.

"மாமா! கத்தியைக் கீழ வைங்க!" மைத்துனன் கதவை உடைக்காத குறையாக வந்தான். "நாலு நாற்பத்தேழு. உங்க ஷிப்ட்!"

எத்தனை கோடி வருடங்களோ நடந்து வந்த கதிர், நான் டிராயருக்குள் தலையை விட்டிருந்தபோது வந்து சேர்ந்திருக்கிறது! ஓடினேன். பாதி வழியில் ஒரு சந்தேகம்.

"சூரியனா இருந்துடப் போகுதுடா." சூரியனும் சில சமயம் இப்படிக் கதிரைத் துப்பி ஏமாற்றும்.

"நீங்களே பாருங்க. உங்க வெடிப்பு."

தொலைநோக்கியின் நாலு பக்கமும் கதிர் எண்ணும் பெட்டிகள் உண்டு. சூரியன் வேலையென்றால் அதன் பக்கம் பார்க்கும் பெட்டிதான் துள்ள வேண்டும். அது அசையாமல் கிடந்தது. சூரியனுக்கு முதுகு காட்டிய பெட்டிதான் கூரைக்குத் தாவியிருந்தது.

"அசல்," என்றேன்.

"எழுதுங்க."

'வானத்தையே கிழித்துக்கொண்டு' என்று ஆரம்பித்தேன்.

"மாமா! எத்தனை நொடி?"

"ஒரு இருபது, இருபத்தஞ்சு..."

"பதினொன்னு புள்ளி நாலு. பிரகாசம்?"

"கண் கூசும்!"

"சுமார்னு போடுங்க."

சுமார் என்றே போட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு. நேரம், திசை, நீளம், பிரகாசம்: நாலு வரி. கீழே என் பெயர்.

பின்னாலேயே வந்த மனைவி திரையைப் படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏங்க, நிஜமாவே நீங்க எழுதினதா? ஒரு பொய்கூட இல்லையே!"

"உன் தம்பி விடலை."

திரும்பி வந்தோம். மைத்துனன் ஒரு கரண்டியை வாங்கி, கேக்கின் நேர்கோட்டுக்கு நடுவே கிரீமைச் சரேலென்று மேலே இழுத்தான். ஒற்றைச் சிகரம். பதினாலு பேரும் கை தட்டினார்கள்.

சிகரம் இருந்த துண்டை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு முழம் உயரம் இருந்தது, சத்தியமாக.