திரைக்குள் ஒரு நோயாளி

எங்கள் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் திரைக்குள்ளே ஒரு நோயாளி இருக்கிறான். கால் அழுகியவன். நோயாளியிடம் கலந்து பேசி முடிவெடுக்க டாக்டர்களைப் பழக்குவதற்காக வாங்கிய மெஷின். பெரிய சர்ஜன் முதல் நாளே அவன் மூஞ்சியில் குத்தித் திரையை உடைத்தார்.

"கால வெட்டணும்னா வெட்டணும். இவன்கிட்ட என்னத்தக் கேக்கறது?"

கிழிந்த கைக்குக் கட்டுப்போட்டது நான்தான். வார்டு நர்ஸும் நான், அந்தப் பாழாய்ப்போன மெஷினுக்குக் காவலும் நான்.

பயிற்சியில் தேறாமல் ஆபரேஷன் தியேட்டருக்குள் விடமாட்டோம் என்றது மேலிடம். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு புதுத் திரை முன்னால் உட்கார்ந்தார். சீக்கிரமே சூட்சுமத்தைப் பிடித்துவிட்டார். "உங்களுக்கு எது முக்கியம்?" என்று கேட்டாலே மார்க் விழும். திரைக்காரன் வாயைத் திறந்ததும் கட்டைவிரலால் 'அடுத்து' பொத்தானை அமுக்கிவிடலாம். கேள்விகளை உருப்போட்டு முதல் மார்க் வாங்கினார். எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு நிஜ நோயாளி வந்தான். லாரி டிரைவர், கட்டுமஸ்தான ஆள், பாதம் கறுத்து நாறியது. முட்டிக்கு மேலே வெட்டினால் ஒரே ஆபரேஷனோடு முடியும், ஆனால் லாரியை மறந்துவிட வேண்டியதுதான். கீழே வெட்டினால் செயற்கைக் கால் மாட்டி ஓட்டலாம், சீழ் ஏறினால் மறுபடி வெட்ட வேண்டிவரும். சர்ஜன் இதையெல்லாம் ஒப்பித்தார்.

"உங்களுக்கு எது முக்கியம்?"

"சார், எனக்கு..."

"புரியுது. பயமா இருக்கா?"

"இல்ல சார், நான் என்ன சொல்றேன்னா..."

"நல்லது." அவர் கட்டைவிரல் கட்டில் கம்பியை அமுக்கியது. "அப்ப மேலயே எடுத்துடலாம்."

டிரைவர் குளுக்கோஸ் ஸ்டாண்டைப் பிடுங்கினான். கையிலிருந்த ஊசி பிய்ந்து சுவரில் ரத்தம் தெறித்தது. முதல் அடி தோளில், அடுத்தது தாடையில். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. விழுந்தவரை மறுபடியும் அடித்தான். காவலாட்கள் அவன்மேல் ஏறி, மூஞ்சியைத் தரையில் தேய்த்து, கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள். கத்தினான். மயக்க ஊசி போட்டு அடக்கினோம்.

விடிவதற்குள் காலிலிருந்த விஷம் உடம்பில் ஏறிவிட்டது. வேறொரு சர்ஜன் யாரையும் கேட்காமல் முட்டிக்கு மேலே வெட்டினார்.

சில நாள் கழித்துப் பெரிய சர்ஜன் வந்தார். பல்லோடு பல்லைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், வாய் திறக்காது. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். டிரைவரின் கைக்கட்டை நான் அவிழ்த்தேன். இன்னும் ரெண்டு போடட்டும் என்றுதான் அவிழ்த்தேன்.

"கீழ வெட்டுங்க, மறுபடி வெட்டினாலும் பரவால்லன்னு சொல்ல வந்தேன் சார்," என்றான் டிரைவர். "லாரி இல்லன்னா நான் இல்ல. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்."

சர்ஜன் தலையை ஆட்டி, மன்னிப்புக் கேட்பதுபோல் கையை நீட்டினார். கத்தி பிடிக்கும் வலது கை. டிரைவர் அந்தக் கட்டைவிரலை இறுகப் பிடித்தான்.

"உங்களுக்கு எது முக்கியம் சார்?"

கம்பிக்குப் பின்னால் சர்ஜன் என்னமோ முனகினார். கண் பிதுங்கியது.

"புரியுது," என்று சொல்லிவிட்டு டிரைவர் விரலைப் பின்னால் மடக்கி ஒடித்தான்.